டேவ் பார்த்தலமியூ: ஓர் ஒலியை உருவாக்கியவரின் கணக்கு

இந்த ஆய்வு ஒருவரின் தொழில்வாழ்க்கையைப் பின்தொடர்கிறது; ஆனால் அதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. ஓர் இசைத்தட்டை உண்டாக்கியவர் என்று யாரைச் சொல்வது? 1950-களின் அமெரிக்காவில் சட்டமும் வணிகப் பழக்கமும் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தன. சொல்லும் மெட்டும் எழுதியவருக்குப் பாட்டின் உரிமை உண்டு. பாடியவருக்கு நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒரு பங்கு உண்டு. வாசித்தவர்களுக்கு அன்றைய கூலி. எந்த வாத்தியம் எதனோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும், தாளத்தின் பாரம் எங்கே விழ வேண்டும், எந்த இடத்தில் எல்லாரும் நிறுத்த வேண்டும் என்று முடிவுசெய்தவருக்கு, அந்த வேலைக்கென்று தனியாக எந்த உரிமையும் இல்லை. நியூ ஆர்லியன்ஸின் டேவ் பார்த்தலமியூ பாட்டு எழுதினார், ட்ரம்பெட் வாசித்தார், இசைக்கோப்பு செய்தார், குழுவை நடத்தினார், அவ்வப்போது பாடவும் செய்தார். எல்லா வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால், எந்த வேலைக்கு எவ்வளவு பெயரும் பணமும் கிடைத்தது என்பதை அவருடைய வாழ்க்கையில் பார்க்க முடிவதுபோல வேறு எங்கும் பார்ப்பது கடினம்.

படகும் படையும்

பார்த்தலமியூ 1918 டிசம்பர் 24 அன்று லூயிசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரைச் சிற்றூரான எட்கார்டில் பிறந்தார். தந்தை டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியம் வாசித்தவர். நியூ ஆர்லியன்ஸில் முடிதிருத்தகம் நடத்தினார். மகனுக்கு ட்ரம்பெட் சொல்லிக்கொடுத்தவர் பீட்டர் டேவிஸ். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, சீர்திருத்தப் பள்ளியில் இருந்த சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு இசை கற்பித்தவரும் இவரே. பின்னர் பார்த்தலமியூ மிசிசிப்பியில் ஓடிய உல்லாசப் படகுகளில் ஃபேட் மாரபிள் நடத்திய குழுவில் சேர்ந்தார். மாரபிளிடம் இடம்பிடிக்க வேண்டுமென்றால் இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காதால் மட்டும் கற்ற பல கலைஞர்கள் அந்தப் படகில்தான் இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றார்கள். இரண்டாம் உலகப் போரின்போது படைப்பிரிவு ஒன்றின் இசைக்குழுவில் பணியாற்றிய பார்த்தலமியூ, பல வாத்தியங்களுக்குத் தனித்தனியே பகுதி எழுதும் இசைக்கோப்புக் கலையை அங்கே கற்றார்.

வாழ்க்கைக் குறிப்புகள் இந்தப் பகுதியை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. மற்றதெல்லாம் இதிலிருந்தே விளைந்தது என்று நான் கருதுகிறேன். போர் முடிந்து ஊர் திரும்பியவர் அமைத்த நடனக்குழு விரைவிலேயே நகரின் முன்னணிக் குழுக்களில் ஒன்றாயிற்று. குழுவில் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. தாமதமாக வருபவரையும் கவனமின்றி வாசிப்பவரையும் அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. ட்ரம்ஸில் ஏர்ல் பாமர், டெனர் சாக்ஸபோனில் ஹெர்ப் ஹார்டெஸ்டி, கீழ்ச்சுருதி பாரிடோன் சாக்ஸபோனில் ஆல்வின் டைலர், கீழ்ச்சுருதி நரம்பு வாத்தியமான பேஸில் ஃபிராங்க் ஃபீல்ட்ஸ், கிதாரில் எர்னஸ்ட் மக்லீன் என்று அவரைச் சுற்றித் திரண்டவர்களும், பின்னர் இணைந்த டெனர் சாக்ஸபோன் கலைஞர் லீ ஆலனும் அடுத்த பத்தாண்டுகளில் நியூ ஆர்லியன்ஸில் பதிவான மிகச் சிறந்த இசைத்தட்டுகளில் வாசித்தார்கள்.

அடித்தாளம்

அவர் பாடி 1949-இல் பதிவான 'கன்ட்ரி பாய்' அடுத்த ஆண்டு, கறுப்பினக் கேட்போர் சந்தையின் வெற்றிப் பட்டியலான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் இடம்பெற்றது. அதன் புகழ் நீடிக்கவில்லை, ஆனால் அதில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. ஒரு ரும்பா இசைத்தட்டில் பேஸ் வாத்தியம் வாசித்த பகுதி பார்த்தலமியூவின் காதில் தங்கிவிட்டது. எட்டு எண்ணிக்கையை நாலும் நாலுமாகப் பிரிக்காமல் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கும் கியூப நடை அது. பேஸும் ட்ரம்ஸும் வழக்கமான ஸ்விங் நடையில் போக, அந்த ரும்பாப் பகுதியை அவர் சாக்ஸபோன்களுக்கு எழுதிக்கொடுத்தார். பின்னாளில் அளித்த நேர்காணலில் இதை அவரே விளக்கியிருக்கிறார்: ராக் அண்ட் ரோல் வளர வளர அந்தப் பகுதியை மேலும் மேலும் கனமாக்கி, பேஸ், மின்கிதார், பாரிடோன் சாக்ஸபோன் ஆகிய மூன்றையும் ஒரே சுரவரிசையை ஒரே நேரத்தில் வாசிக்க வைத்தார்.

இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அன்றைய ஒலிப்பதிவுக் கருவிகளில் தனிப் பேஸின் ஒலி மங்கலாகவே பதியும். சிறிய வானொலிப் பெட்டியிலும் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸிலும் அது இன்னும் கரைந்துபோகும். மூன்று வாத்தியங்கள் ஒன்றாகும்போது பேஸின் ஆழமும் கிதாரின் கூர்மையும் பாரிடோனின் மூச்சும் சேர்ந்து ஒற்றைக் குரலாகி, எந்தப் பெட்டியிலும் தெளிவாகக் கேட்கும். தொழில்நுட்பத்தின் குறையை எழுத்தால் ஈடுசெய்த இசைக்கோப்பாளரின் தீர்வு இது. ராக் இசையில் கிதாரும் பேஸும் ஒன்றாக முழங்கும் வழக்கத்தை நாம் இன்று இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அதன் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இம்பீரியல் இசைத்தட்டு நிறுவன உரிமையாளர் லூ சட் 1949-இல் பார்த்தலமியூவைத் தம் நியூ ஆர்லியன்ஸ் தயாரிப்பாளராக அமர்த்தினார். ஜ்யூவல் கிங் என்ற பாடகிக்கு அவர் தயாரித்த பாட்டு உடனே விற்றது. நகரின் ஒன்பதாம் வார்டில் ஹைடவே என்ற விடுதியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த 21 வயது ஆன்ட்வான் டோமினோவைக் கேட்க அந்த நிறுவன உரிமையாளரையும் பார்த்தலமியூ அழைத்துப் போனார். சுற்று வட்டாரத்தில் அந்த இளைஞருக்கு ஏற்கெனவே 'ஃபேட்ஸ்' என்ற பெயர் இருந்தது.

1949 டிசம்பர் 10 அன்று ராம்பார்ட் தெருவும் டுமெய்ன் தெருவும் சந்திக்கும் மூலையில், காசிமோ மடாசா தம் கடையின் பின்னறையில் நடத்திய ஜே அண்ட் எம் ஒலிப்பதிவுக்கூடத்தில் 'தி ஃபேட் மேன்' பதிவானது. அறை சிறியது, ஒலிவாங்கிகள் சில. வாசிப்பு நேரே தட்டில் வெட்டப்பட்டதால் பிறகு ஒட்டியும் வெட்டியும் திருத்த வழியில்லை; ஒருவர் தவறினால் எல்லாரும் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். மெட்டு புதியதல்ல. போதைப்பழக்கத்தைப் பற்றி சாம்பியன் ஜாக் டூப்ரீ முன்னரே பதிவுசெய்திருந்த ஒரு ப்ளூஸ் பாட்டைத்தான் எடுத்து, உருவத்தைக் கொண்டாடும் உற்சாகப் பாட்டாக மாற்றினார்கள். புதியது அதன் உந்துதல். இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் பாரம் விழும் பின்தாளத்தை ஏர்ல் பாமர் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் அடித்தார். நியூ ஆர்லியன்ஸின் பழைய ஜாஸ் குழுக்கள் ஒரு பாட்டின் கடைசிச் சுற்றில் மட்டும் அப்படி அடிப்பார்கள் என்றும், தாம் அந்தக் கடைசிச் சுற்றையே பாட்டு முழுவதும் விரித்ததாகவும் பாமர் சொல்லியிருக்கிறார். பாட்டு 1950-இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு எது என்ற விவாதத்தில் இதைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அந்த விவாதத்துக்கு முடிவு கிடையாது. இந்தத் தட்டில் பின்னால் வந்தவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே எனக்குப் போதும்.

லூ சட்டோடு ஏற்பட்ட பூசலால் பார்த்தலமியூ 1950-இன் இறுதியில் இம்பீரியலை விட்டு விலகினார். இடைப்பட்ட காலத்தில் வேறு நிறுவனங்களுக்கு வேலை செய்தபோது அவருடைய கை எவ்வளவு தூரம் எட்டியது என்பது தெரிந்தது. ஸ்பெஷாலிட்டி நிறுவனத்தின் ஆர்ட் ரூப், 'தி ஃபேட் மேன்' போன்ற ஒலியைத் தேடி நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தார். அவருக்காக 1952-இல் லாயிட் பிரைஸ் என்ற இளைஞர் பாடிய 'லாடி மிஸ் க்ளாடி'யைப் பதிவுசெய்தபோது குழு பார்த்தலமியூவினுடையது, பியானோ டோமினோவினுடையது. அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதன் பின் பார்த்தலமியூ இம்பீரியலுக்குத் திரும்பினார். டோமினோவோடு அவருடைய நெடிய கூட்டு உண்மையில் அப்போதுதான் நிலைபெற்றது.

இரண்டு சென்ட்

டோமினோ பெரும்பாலும் ஒரு பேச்சுவழக்குத் தொடரோடும் அரைகுறை மெட்டோடும் வருவார். பார்த்தலமியூ அதற்கு உருவம் கொடுத்து, வாத்தியங்களைப் பிரித்து, பாட்டாக்குவார். இருவரின் இயல்பும் வேறு. டோமினோ கூச்சமுள்ளவர், பார்த்தலமியூ கண்டிப்பானவர். ஒலிப்பதிவின்போது மோதல்கள் உண்டு. 1955-இல் ஹாலிவுட்டில் பதிவான 'எய்ன்ட் தட் எ ஷேம்' இந்தக் கூட்டின் திறமைக்கு நல்ல சான்று. ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் குழு இரண்டே அடி அடித்து நிறுத்திவிடும்; அந்த மௌனத்தில் பாடகரின் குரல் மட்டும் நிற்கும்; மீண்டும் இரண்டு அடி. கேட்பவர் அடுத்த அடிக்காகத் தம்மையறியாமல் காத்திருக்கிறார். சொல்லில் பெரிய நுட்பமில்லாத பாட்டு இந்த நிறுத்தங்களாலேயே மறக்க முடியாததாகிறது.

அந்தப் பாட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. நாடு முழுவதுக்குமான பாப் பட்டியலில் அது பத்தாம் இடத்தைத்தான் தொட்டது. முதலிடம் பெற்றது டென்னசி மாநிலத்தின் டாட் நிறுவனத்துக்காக வெள்ளையின இளைஞர் பாட் பூன் பாடிய மறுபதிப்பு. கறுப்பினக் கலைஞரின் தட்டை ஒலிபரப்பாத வானொலி நிலையங்களும் வைத்து விற்காத கடைகளும் அதே பாட்டை வெள்ளைக் குரலில் ஏற்றுக்கொண்டன.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1909-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை தட்டில் வெளிவந்துவிட்டால் வேறு எவரும் அதைப் பதிவுசெய்யலாம். விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டின் உரிமையாளருக்கு இரண்டு சென்ட் கட்டினால் அப்போது போதுமானதாக இருந்தது. அந்த இரண்டு சென்ட்டைப் பதிப்பாளரும் பாட்டு எழுதியவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். முதலில் பாடியவருக்கு அதில் எதுவும் இல்லை. ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமை 1972 வரை கிடையாது. வானொலியில் ஒலிக்கும்போதும் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம், பாடியவருக்கு அல்ல. இசைக்கோப்பின் நிலை இன்னும் மோசம். சுப்ரீம் என்ற சிறிய நிறுவனம் தன் தட்டின் இசைக்கோப்பை டெக்கா நிறுவனம் அப்படியே பின்பற்றியது என்று தொடுத்த வழக்கில், அப்படிப்பட்ட இசைக்கோப்பைத் தனியுரிமையாகக் கொண்டாட முடியாது என்று கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 1950-இல் தீர்ப்பளித்தது. நிறுத்தங்களையும் தாளத்தையும் பேஸ் நடையையும் எவரும் எடுத்துக்கொள்ளலாம், கட்டணமே இல்லை.

ஆகவே பூனின் வெற்றி பார்த்தலமியூவுக்கும் டோமினோவுக்கும் வெறும் இழப்பு அல்ல. பாட்டை எழுதியவர்கள் என்ற முறையில் அவர்களுக்குப் பங்கு வந்தது. ஒரு மேடையில் டோமினோ தம் விரலிலிருந்த மோதிரத்தைக் காட்டி, பூன் பாடியதால் வாங்கியது இது என்று சொன்னதாகப் பூன் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதைக் கேட்டு அநீதியே நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது தவறு. டோமினோவுக்கு வந்தது எழுத்தாளர் பங்கு. பாடகராக அவர் எட்டியிருக்க வேண்டிய கேட்பவர்கள், அந்த ஒலியை அறையில் உருவாக்கிய வாத்தியக்காரர்களின் உழைப்பு ஆகிய இரண்டும் கணக்கில் ஏறவே இல்லை.

ஸ்மைலி லூயிஸ்

இதே கணக்கின் இருண்ட பக்கம் ஸ்மைலி லூயிஸின் வாழ்க்கையில் இருக்கிறது. பார்த்தலமியூவைப் பற்றி எழுதுபவர் எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது. 1913-இல் பிறந்த லூயிஸ், பார்த்தலமியூ தயாரித்த இம்பீரியல் பாடகர்களிலேயே வலிமையான குரல் கொண்டவர். ஒலிவாங்கி இல்லாமலே கூடத்தை நிறைக்கும் தொண்டை. அவருக்காகப் பார்த்தலமியூ எழுதியோ இணைந்து எழுதியோ கொடுத்த மூன்று பாடல்களைப் பாருங்கள்.

உழைப்பாளி ஒருவரின் வாரத்தைத் திங்கட்கிழமைக் களைப்பிலிருந்து சனிக்கிழமைச் சம்பளம் வரை சொல்லும் 'புளூ மண்டே'யை லூயிஸ் 1950-களின் முற்பாதியில் பாடினார். தட்டு கவனிக்கப்படாமல் போயிற்று. டோமினோவின் குரலில் அதே பாட்டு 1956-இல் ஒரு ஹாலிவுட் படத்தில் இடம்பெற்று, 1957-இல் பாப் பட்டியலின் ஐந்தாம் இடத்துக்குப் போனது. 'ஐ ஹியர் யூ நாக்கிங்' 1955-இல் லூயிஸுக்கு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் இரண்டாம் இடம் தந்தது. அதுவே அவருடைய மிகப் பெரிய வெற்றி. ஆனால் அதே டாட் நிறுவனம் தொலைக்காட்சி நடிகை கேல் ஸ்டார்மைப் பாடவைத்து பாப் பட்டியலின் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. 1970-இல் வேல்ஸ் நாட்டுக் கலைஞர் டேவ் எட்மண்ட்ஸ் அதை மீண்டும் பதிவுசெய்தபோது பிரிட்டனில் ஆறு வாரங்கள் முதலிடம். எட்மண்ட்ஸ் பாட்டின் நடுவே லூயிஸின் பெயரை உரக்கச் சொல்கிறார். அப்போது லூயிஸ் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாவது 'ஒன் நைட்'. பாவம் நிறைந்த ஓர் இரவுக்கு இப்போது விலை கொடுக்கிறேன் என்பது லூயிஸ் 1956-இல் பாடியதன் பொருள். எல்விஸ் பிரெஸ்லி அதை முதலில் அப்படியே பதிவுசெய்துவிட்டு, பிறகு உன்னோடு ஓர் இரவு வேண்டும் என்று சொற்களை மென்மையாக்கி மறுபடி பாடினார். 1958-இல் வெளிவந்த அந்த வடிவம் அமெரிக்காவில் நான்காம் இடமும் அடுத்த ஆண்டு பிரிட்டனில் முதலிடமும் பெற்றது.

மூன்று பாட்டிலும் பார்த்தலமியூவின் பெயர் ஒவ்வொரு தட்டோடும் கூடவே பயணம் செய்தது. லூயிஸின் பெயர் முதல் தட்டோடு நின்றது. 1966-இல் புற்றுநோயால் இறக்கும்போது அவரிடம் செல்வம் ஏதும் இல்லை. லூயிஸை அதிர்ஷ்டமில்லாத பாடகர் என்று பார்த்தலமியூ பின்னாளில் குறிப்பிட்டதுண்டு. அவர் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் இந்தச் சொல்லை ஏற்க முடியவில்லை. லூயிஸின் முதிர்ந்த, உரத்த ப்ளூஸ் குரல் வெள்ளையின இளைஞர் சந்தைக்கு டோமினோவின் இதமான குரல்போல் எளிதில் பிடிபடவில்லை என்பது உண்மை. நிறுவனத்தின் முதலீடும் டோமினோவின் பக்கமே இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தாம் முதலில் பாடிய இந்தப் பாட்டுகளில் லூயிஸுக்கு எழுத்துரிமை இல்லை. அதிர்ஷ்டம் இதில் மிகச் சிறிய பகுதி.

பாடகராகப் பார்த்தலமியூவுக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. 1952-இல் அவரே எழுதிப் பாடிய விளையாட்டுப் பாட்டு ஒன்றை 20 ஆண்டுகள் கழித்துச் சக் பெர்ரி மேடையில் பாடிய பதிவு, 1972-இல் அமெரிக்கப் பாப் பட்டியலில் பெர்ரிக்குக் கிடைத்த ஒரே முதலிடமாயிற்று. முதல் தட்டை இன்று ஆர்வலர்கள் மட்டுமே அறிவார்கள்.

ஒலி ஊரைவிட்டுப் போனது

1955 செப்டம்பரில் லிட்டில் ரிச்சர்ட் ஜே அண்ட் எம் கூடத்துக்கு வந்து 'டூட்டி ஃப்ரூட்டி'யைப் பதிவுசெய்தபோது தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல். வாசித்தவர்களோ ஏர்ல் பாமர், லீ ஆலன், ஆல்வின் டைலர், ஃபிராங்க் ஃபீல்ட்ஸ் ஆகியோர், அதாவது பார்த்தலமியூவின் தட்டுகளில் பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள். அவர் அந்த அறையில் இல்லை, அதில் அவருக்குப் பங்கும் இல்லை. அமெரிக்கத் தென்பகுதி வானொலி நிலையங்களை இரவில் பிடித்துக் கேட்ட ஜமைக்கா மக்களிடமும், இறக்குமதித் தட்டுகளை வைத்துத் தெரு நடனங்கள் நடத்திய அங்குள்ள ஒலிபெருக்கிக்காரர்களிடமும் நியூ ஆர்லியன்ஸ் தட்டுகள் பெரும் செல்வாக்குப் பெற்றன. எதிர்த்தாளத்தை அழுத்தும் அந்த நடையிலிருந்து ஸ்கா, பின்னர் ரெக்கே என்ற ஜமைக்கா இசைவகைகள் வளர்ந்தன. ஏர்ல் பாமர் 1957-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோய், அந்த நகரின் மிகத் தேவையான ட்ரம்ஸ் கலைஞர்களில் ஒருவரானார்.

இசைக்கோப்பாளரின் தீர்ப்பு எப்போதும் சரியாக இருந்ததில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 1940-இல் வெளிவந்த பழைய பாட்டான 'புளூபெர்ரி ஹில்'லை டோமினோ பாடியபோது பார்த்தலமியூவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1956-இல் அது பாப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் போய், டோமினோவின் மிகப் பெரிய வெற்றியாக நிலைத்தது.

1963-இல் டோமினோ ஏபிசி-பாரமவுன்ட் நிறுவனத்துக்குப் போனார். லூ சட் இம்பீரியலை விற்றார். அடுத்த ஆண்டு பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்தபின் சந்தையே மாறிவிட்டது. பார்த்தலமியூ நியூ ஆர்லியன்ஸை விட்டு நகரவில்லை. 1967-இல் பிராட்மூர் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். விநியோகஸ்தர் வீழ்ந்ததும் அதுவும் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. பின்னர் டோமினோவின் பயணக் குழுவில் ட்ரம்பெட் வாசித்தார், பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸுக்கும் திரும்பினார். வருவாயைத் தொடர்ந்து தந்தது பாடல்களின் ராயல்டி. ஜான் லெனன் 1975-இலும் சீப் ட்ரிக் குழு 1979-இலும் 'எய்ன்ட் தட் எ ஷேம்' பாட்டைப் பாடினார்கள்.

ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் டோமினோவை 1986-இல், தன் முதல் ஆண்டிலேயே ஏற்றது. பார்த்தலமியூவை 1991-இல் ஏற்றபோது, மேடையேறாதோர் என்ற பிரிவில் சேர்த்தது. வாழ்நாள் முழுவதும் ட்ரம்பெட்டோடு மேடையில் நின்றவருக்கு அது பொருந்தாத பெயர். ஆனால் பாடகர்களைச் சுற்றியே வகுக்கப்பட்ட அமைப்பில் அவருக்கு வேறு இடம் இருக்கவில்லை. 1998-இல் பாடலாசிரியர் புகழ்க்கூடமும் அவரை ஏற்றது. பக்கவாத்தியக்காரர்களுக்கென்று ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் 2000-இல்தான் தனிப் பிரிவு தொடங்கியது. அந்த முதல் பட்டியலிலேயே ஏர்ல் பாமர் இடம்பெற்றார். காசிமோ மடாசாவின் முறை 2012-இல் வந்தது. டோமினோ 2017-இல் 89 வயதில் இறந்தார். பார்த்தலமியூ 2019 ஜூன் 23 அன்று, நூறு வயது நிறைந்த நிலையில் காலமானார்.